கால் பங்கு எங்கே போயிற்று?

பழைய போலீஸ் தொடர்களை இணையத் தளங்களில் திரும்பப் பார்க்க உட்காரும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. அகலம் நான்குக்கு உயரம் மூன்று என்ற விகிதத்தில் பார்ப்பதற்காக 1970களில் படம்பிடிக்கப்பட்டவற்றை, இன்றைய அகலத் திரையை நிரப்பியே தீர வேண்டும் என்று மேலும் கீழும் வெட்டி, உயரத்தில் கால் பங்கைத் தொலைத்துவிட்டு, அதற்கு ‘உயர்தரம்’ என்று பெயரும் சூட்டிவிடுகிறார்கள். ‘கொலம்போ’ என்ற அமெரிக்கத் துப்பறியும் தொடரில் கொலையாளி யார் என்பது தொடக்கத்திலேயே தெரிந்துவிடும், அதன்பிறகு நாம் பார்ப்பதெல்லாம் துப்பறிவாளராக நடித்த பீட்டர் ஃபால்க்கின் கசங்கிய மழைக்கோட்டையும், விரலிடுக்கில் இருக்கும் சுருட்டையும், விடைபெற்றவர்போலக் கதவுவரை போய்ச் சட்டென்று திரும்பும் அந்த நொடியையும்தான். அவர் நெற்றியில் கைவைத்து யோசிக்கும் அண்மைக் காட்சியில் நெற்றியே வெட்டுப்பட்டுப் போனால் எதைப் பார்ப்பது?

தலைப்பிசைக்கு நேர்வது அதைவிடக் கொடுமை. 1968இல் தொடங்கிய ‘ஹவாய் ஃபைவ்-ஓ’வுக்கு மார்ட்டன் ஸ்டீவன்ஸ் அமைத்த இசையும், சுருண்டெழும் அந்தப் பேரலையும் சேர்ந்து வந்தால்தான் எனக்குத் தொடர் தொடங்கியதாகவே தோன்றும். முரசு அதிர்ந்த மறுகணமே ‘அறிமுகத்தைத் தவிர்’ என்ற பொத்தான் ஓரத்தில் வந்து நிற்கிறது. யார் கேட்டார்கள்? முடிவில் படகோட்டிகள் துடுப்புப் போடுவதைக்கூடப் பார்க்க விடாமல், பெயர்ப்பட்டியலை மூலையில் சுருக்கி அடுத்த அத்தியாயத்தை ஓடவிடுகிறார்கள். ஒளிப்பதிவாளர், படத்தொகுப்பாளர் பெயர்களைப் படிக்க அரை நிமிடம் விட்டால் இவர்களுக்கு என்ன குறைந்துவிடும்?