இட்லித் தட்டில் கிங் பின்

(போடிநாயக்கனூர். வீட்டு முன்னால் தகரக் கொட்டகை. உள்ளே 1968 மாடல் மகிந்திரா சி.ஜே. 3பி பெட்ரோல் ஜீப், நாலு ஸ்டாண்டு மேல் சக்கரம் இல்லாமல் நிற்கிறது. தங்கப்பாண்டி, கூட்டுறவு வங்கி எழுத்தர், ஜீப்பின் சொந்தக்காரர். வீரணன், ஏலக்காய்த் தோட்ட ஜீப்புகளுக்கு ஸ்பேனர் பிடித்தே தலை நரைத்தவர், தங்கப்பாண்டிக்குத் தாய்மாமன்.)

வீரணன்: என்னடா மாப்ள, இட்லித் தட்டுல கிரீசு ஊத்தி வச்சிருக்க?

தங்கப்பாண்டி: நீங்கதான மாமா சொன்னீக, கழட்டுறத கழட்டுன வரிசையிலயே வைன்னு? மேல் குழி மூணும் இடது வீலு, கீழ்க் குழி மூணும் வலது வீலு. ஒரு நட்டு கூட மாறாது.

வீரணன்: யோசன நல்லாத்தான் இருக்கு. உன் பொண்டாட்டிக்குத் தெரியுமா?

தங்கப்பாண்டி: இன்னும் தெரியல. நாலு நாளா வீட்ல உப்புமாதான் ஓடுது.

வீரணன்: சரி, தரைத்தகரம் எப்படி? வாங்குறப்ப துரு இல்லன்ன.

தங்கப்பாண்டி: சும்மா கண்ணாடி மாதிரி இருக்கு மாமா. பெயிண்டைப் பாருங்க!

வீரணன்: பெயிண்டப் பாத்து ஜீப்பு வாங்குறவன் பவுடரப் பாத்துப் பொண்ணு எடுத்த கததான். பிரிட்ஜுல ஒட்டியிருக்க மீனாட்சியம்மன் காந்தத்தை எடுத்துட்டு வா. அதைத் துணியில சுத்தி தரை, பக்கவாட்டு, கதவடி எல்லாத்துலயும் நகத்து. இரும்புன்னா பிடிக்கும், ஓட்டைய அடைக்கப் பூசுன பட்டி மாவுன்னா விழுந்துரும்.

தங்கப்பாண்டி: (காந்தத்தை வைக்கிறார். விழுகிறது. வைக்கிறார். விழுகிறது.) மாமா, அம்மனே நிக்க மாட்டேங்குறா!

வீரணன்: வித்தவன் ஜீப்பு விக்கலடா, பட்டி டப்பாவுக்கு நாலு வீல மாட்டி வித்திருக்கான். துரு எதுவரைக்கும் போயிருக்கோ, அதுக்கு மேல ரெண்டு இஞ்சு நல்ல இரும்பு வரைக்கும் வெட்டு. 18 கேஜ் தகரம் வாங்கிப் பத்தவை. ஒரே இழுப்பா இழுத்தா அப்பளமாட்டம் நெளிஞ்சிரும். இங்க ஒரு பொட்டு, எதிர்மூலையில ஒரு பொட்டு, நடுவுல ஆற விடு.

தங்கப்பாண்டி: நாளைக்கே வெல்டிங்காரன வரச் சொல்லிட்டேன். டிரைவர் சீட்டுக்குக் கீழருந்து ஆரம்பிக்கலாம்ல?

வீரணன்: தாராளமா. பெட்ரோல் டேங்கு எங்க இருக்குன்னு நெனச்ச?

தங்கப்பாண்டி: பின்னாடி...

வீரணன்: நீ உக்காருற சீட்டுக்கு நேர் கீழ! டேங்கைக் கழட்டி வெளிய தூரமா வச்சிட்டு, பேட்டரி வயரையும் உருவிட்டு, அப்பறமா அவனைக் கூப்பிடு. இல்லாட்டி வெல்டிங் கூலிய வாங்க அவனும் இருக்க மாட்டான், குடுக்க நீயும் இருக்க மாட்ட. ஆமா, அங்க சாக்கு போட்டு மூடியிருக்கது என்ன?

தங்கப்பாண்டி: (பெருமையாக) பழைய இரும்புக் கடையில அடிச்சேன் மாமா. பின்பக்க ஆக்ஸில், முழு ஹவுசிங்கு. நம்மளது சத்தம் போடுதுல்ல, அதுக்கு மாத்து.

வீரணன்: பல்லு எண்ணுனியா?

தங்கப்பாண்டி: யாரு பல்ல?

வீரணன்: என் பல்ல எண்ணி என்னடா செய்யப்போற, பாதி போயிருச்சு. ஆக்ஸில் நடுவுல இருக்க பெரிய பல்சக்கரம், அந்தக் கிரவுன் பல்ல எண்ணு. பெட்டியத் தொறக்க வேண்டாம். ரெண்டு வீலையும் சேத்து ஒரு சுத்து சுத்து, புரொப்பல்லர் சாஃப்ட் எத்தனை சுத்துதுன்னு பாரு. சாக்பீசால ஒரு கோடு போட்டுக்க.

தங்கப்பாண்டி: (சுற்றுகிறார்) ஒண்ணு... ரெண்டு... மூணு... நாலு... அஞ்சுக்குக் கொஞ்சம் முன்னாலயே நின்னுருச்சு மாமா.

வீரணன்: அப்ப கிரவுன்ல 39 பல்லு, அதச் சுத்துற சின்னப் பினியன்ல 8. அதாவது 4.88. உன் ஜீப்போட முன் ஆக்ஸில் 43-க்கு 8, 5.38. சுத்துனா அஞ்சத் தாண்டி இன்னும் கால் சுத்துக்கு மேல போகும்.

தங்கப்பாண்டி: அரைதான மாமா வித்தியாசம்?

வீரணன்: அரைதான். முன்னாடி வீலு பின்னாடி வீலவிட நூத்துக்கு ஒம்பது கம்மியாச் சுத்தும். நாலு வீலும் இழுக்குற ஸ்பெஷல் கியர் போட்டதும் ரெண்டும் ஒரே அடுப்படியில மாமியாரும் மருமகளும் மாதிரி முட்டிக்கும். நடுவுல ரெண்டுக்கும் இழுவையப் பிரிச்சுக் குடுக்குற டிரான்ஸ்ஃபர் கேசுதான் நொறுங்கும். போட்டா ரெண்டு ஆக்ஸிலும் ஒரே பல்லு, இல்லாட்டி பழசையே பேரிங் மாத்தி ஓட்டு.

தங்கப்பாண்டி: அதத் திருப்பிக் குடுத்துர்றேன். ஆனா வண்டிய வடம் போட்டு இழுக்குற இந்த வின்ச்ச மட்டும் வேணாம்னு சொல்லிராதீக. 9,500 பவுண்டு இழுக்கும்!

வீரணன்: இழுக்கட்டும். கரண்டு யாரு குடுப்பா?

தங்கப்பாண்டி: டைனமோ.

வீரணன்: அந்த வின்ச்சு முழு பாரத்துல இழுத்தா 400 ஆம்பியர் பக்கம் கேக்கும். உன் டைனமோ 35 குடுத்தாலே பெருசு, அதுவும் இஞ்சின் உறுமுனாத்தான். சேத்துல மாட்டுனா வண்டிய இழுக்கறதுக்கு முன்னாடி பேட்டரி செத்துரும். அப்பறம் சேத்துல வண்டியும் இருக்கும், வின்ச்சும் இருக்கும், பக்கத்துல நீயும் இருப்ப.

தங்கப்பாண்டி: 31 இஞ்சு டயராவது?

வீரணன்: ஏற்கெனவே இருக்க 16 இஞ்சு ரிம்முல 6.00 டயரு, உயரம் 28 இஞ்சு சொச்சம். 31 போட்டா மீட்டரு 50 காட்டுறப்ப நீ 54-ல போய்க்கிட்டிருப்ப. பிரேக்கு என்னமோ அதே 9 இஞ்சு டிரம்மு. ஸ்டியரிங் ஒடிச்சா ஸ்பிரிங் பட்டையில வேற உரசும். ஓட்டுறது இருக்கட்டும்டா, மொதல்ல நிக்கவும் திரும்பவும் வழி பாரு. ஸ்டியரிங் உதறுதுன்னு சொன்னேல்ல?

தங்கப்பாண்டி: 45-ல போறப்ப ஒரு பள்ளத்துல விழுந்தா போதும் மாமா, சாமி வந்த மாதிரி ஆடுது. வேப்பிலை மட்டுந்தான் பாக்கி. நின்னாத்தான் அடங்குது. வீல் பேலன்ஸ் ரெண்டு தடவ பண்ணிட்டேன்.

வீரணன்: முன் வீலு திரும்புற அச்சாணி, அந்தக் கிங் பின்னு லூசா இருக்கதுக்கு வீலு என்ன பண்ணும்? போய் காய்கறிக்கடையில கொக்கித் தராசு வாங்கிட்டு வா.

தங்கப்பாண்டி: கத்திரிக்காயா போடப்போறீக?

வீரணன்: உன் கிங் பின்னத்தான் நிறுக்கப்போறேன். ரெண்டு வீலையும் சேக்குற டை ராடு எண்டக் கழட்டு. ஆக்ஸில் முனையில இருக்க பந்துக்குப் பின்னாடி இருக்க ஆயில் சீலையும் எடுத்துரு, இல்லாட்டி அது பிடிக்குற பிடியும் கணக்குல சேந்துரும். ஸ்டியரிங் ஆர்ம் ஓட்டையில கொக்கிய மாட்டி நேரா இழு. தடையில்லாம சீரா திரும்புறப்ப 12-லருந்து 16 பவுண்டு காட்டணும். அஞ்சரைலருந்து ஏழு கிலோன்னு வச்சுக்க.

தங்கப்பாண்டி: (இழுக்கிறார்) ஒண்ணரை கிலோ மாமா!

வீரணன்: அதான் சாமி ஆடுது. மேல கீழ மூடிக்கு அடியில மெல்லிசுத் தகடு, ஷிம்மு இருக்கு, அதுல கொஞ்சம் எடு. மேல எடுத்த அளவு கீழயும் எடுக்கணும். ஒரு பக்கமா எடுத்தா சாஃப்டோட மையம் நகந்து சீலக் கடிச்சுத் துப்பிரும். அந்த ஷிம்மெல்லாம் எங்க?

தங்கப்பாண்டி: (இட்லித் தட்டைக் காட்டி) இடது மேல... இது 10 தவ், அதான் இஞ்சுல ஆயிரத்துல 10 பங்கு, இது 3 தவ்... இது என்னன்னு தெரியல.

வீரணன்: அது போன வாரத்து இட்லி.

தங்கப்பாண்டி: அப்ப ஸ்பிரிங் பட்டைய சேசிஸோட கோக்க நான் வாங்கி வச்ச நீள ஷேக்கிள்?

வீரணன்: முன்னாடி நீள ஷேக்கிள் போட்டா கிங் பின் பின்னால சாஞ்சிருக்க கேஸ்டர் கோணம் கொறஞ்சு, இப்ப அடக்குன சாமி திரும்ப எறங்கி வந்துரும். ஆக்ஸிலுக்கும் பட்டைக்கும் நடுவுல ஆப்புத் தகடு வச்சு சரிபண்ணணும். உனக்கு எதுக்கு? உன் வீட்டு வாசல்ல என்ன பாறையா கெடக்கு? பிரேக்க என்ன பண்ணி வச்சிருக்க?

தங்கப்பாண்டி: அத நல்லாப் பண்ணிட்டேன். வீல் சிலிண்டர் ரப்பரையெல்லாம் டீசல்ல ஊறப்போட்டுக் கழுவிட்டேன்.

வீரணன்: (நெற்றியில் அடித்துக்கொண்டு) அத்தனையும் தூக்கிப்போடு. டீசல் பட்டா அந்த ரப்பரு பணியாரமாட்டம் உப்பும். சிலிண்டர்லயே சிக்கி பிரேக்கு திரும்பாது. அதக் கழுவ பிரேக் ஆயில்தான். வேற எதுவும் ஆகாது. மொதல்ல ஷூவ அட்ஜஸ்ட் பண்ணு, அப்பறம் பிரேக் குழாய்ல இருக்க காத்த எடு. மாஸ்டர் சிலிண்டர்லருந்து தூரமா இருக்க வீல்ல ஆரம்பிச்சு கிட்டத்துக்கு வா. டாட் 3 ஆயிலு தண்ணிய உறிஞ்சும், அரை பாட்டில் மிச்சம் வச்சு அடுத்த வருசம் ஊத்தாத. பெயிண்ட்லயும் சிந்தாத.

தங்கப்பாண்டி: சிந்துனா?

வீரணன்: பெயிண்ட உரிச்சிரும். எங்க சிந்துன?

தங்கப்பாண்டி: பானட்டுல. கொஞ்சம். இந்தியா மேப் மாதிரி.

வீரணன்: இலங்கையும் சேத்துத்தான் தெரியுது. ஹேண்ட் பிரேக்கு பிடிக்குதா?

தங்கப்பாண்டி: லைனிங் மாத்தி ரெண்டு மாசந்தான் மாமா, பிடிக்கவே இல்ல.

வீரணன்: அந்த டிரம்மு டிரான்ஸ்ஃபர் கேசுக்குப் பின்னாடிதான் உக்காந்திருக்கு. அங்க ஆயில் சீல் ஒழுகி லைனிங்கு முங்கிக் குளிக்குது. சீல மாத்தாம லைனிங் மாத்துனா, குழாய மூடாம தரையத் தொடைக்கிற கதைதான். கியர் பாக்ஸ் ஆயிலும் ஜி.எல். 4 தரத்துல 90 கிரேடு ஊத்து, பித்தளை வளையத்துக்கு அதான் நல்லது. சரி, இஞ்சின ஸ்டார்ட் பண்ணு.

தங்கப்பாண்டி: அதான் மாமா... நேத்து பண்ணேன். கார்பரேட்டர் வழியா வெடிச்சது பாருங்க, எதிர்வீட்டு ஆயா தீபாவளின்னு எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சிருச்சு. பிளக் வயரெல்லாம் நெருப்பு விழுற வரிசைப்படி 1-3-4-2 சரியாத்தான் மாட்டுனேன்.

வீரணன்: எந்தப் பக்கமா எண்ணுன?

தங்கப்பாண்டி: கடிகாரம் சுத்துற பக்கமா.

வீரணன்: வயர் மாட்டுற டிஸ்ட்ரிபியூட்டர் மூடியக் கழட்டி, இஞ்சின கைப்பிடி போட்டுச் சுத்திப் பாரு. கட்டை விரலை மடக்கிப் பிடிக்காத, மத்த விரலோட சேத்தே வை. இஞ்சின் எதிர்த்து ஒதைச்சா விரல் ஒடிஞ்சிரும்.

தங்கப்பாண்டி: (சுற்றுகிறார்) அட! ரோட்டரு எதிர்ப்பக்கமாச் சுத்துது!

வீரணன்: அதான். 1-ம் 4-ம் எப்படி எண்ணுனாலும் தன் எடத்துலதான் நிக்கும், 2-ம் 3-ம் எடம் மாறிப்போச்சு. அந்த ரெண்டுலயும் இன்டேக் வால்வு தொறக்குற நேரத்துல நெருப்பு விழுது. கார்பரேட்டர் வழியா வெடிக்காம என்ன செய்யும்? அந்த ரெண்டு வயரையும் மாத்து. பாயிண்ட் இடைவெளி 20 தவ், பிளக்கு 30 தவ். இப்ப பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால் வேற, பம்பு டயாப்ரமும் ரப்பர் ஹோசும் அதுக்குத் தாங்குறதா வாங்கிப் போடு.

(வயர் மாறுகிறது. டேங்குக்குப் பதில் ஒரு பாட்டில் பெட்ரோல் தொங்குகிறது. இரண்டு இருமல், ஒரு தும்மல். இஞ்சின் ஓடுகிறது.)

தங்கப்பாண்டி: மாமா! ஆத்தாடி, தையல் மிஷினாட்டம் ஓடுது!

வீரணன்: இத ஏன்டா கழட்டி டீசல் இஞ்சின் வைக்கணும்ன? ஸ்பெஷல் கியர் லோ, ஃபஸ்ட்டு கியரு, 37-க்கு 1. ஆக்ஸிலரேட்டர்ல காலே வைக்காம ரெண்டு கிலோமீட்டர் வேகத்துல மேடு ஏறும். எறும்பு முந்திட்டுப் போகும், ஆனா நிக்காது.

தங்கப்பாண்டி: டீசல் வேணாம் மாமா. 2021-ல வந்த சட்டம் இருக்குல்ல, 50 வருசம் தாண்டுன வண்டிய விண்டேஜுன்னு, பழங்கால வண்டியாப் பதிஞ்சுக்கலாம். 20,000 கட்டுனா பத்து வருசம். அதுக்கு எழுதிப் போடப்போறேன்.

வீரணன்: அப்ப இஞ்சின், சேசிஸ், பாடி எதையும் பெருசா மாத்தியிருக்கக் கூடாதே. வின்ச்சு, டயரு, ஷேக்கிளு எல்லாம்?

தங்கப்பாண்டி: அந்த ஆக்ஸில் கடைக்காரன்கிட்டயே எடைக்குப் போட்டுர்றேன்.

வீரணன்: இன்னொண்ணும் படிச்சியா? அப்படிப் பதிஞ்சா தெனமும் ஓட்டக் கூடாது. கண்காட்சி, பேரணி, ரிப்பேரு, பெட்ரோல் போடுறது, அம்புட்டுதான். டீக்கடைக்கெல்லாம் எடுத்துட்டுப் போக முடியாது.

தங்கப்பாண்டி: (யோசித்து) மாமா, நம்ம டீக்கடைக்கு எதுத்தாப்ல என்ன இருக்கு?

வீரணன்: பெட்ரோல் பங்கு.