சுப்பு ஆறுமுகம் பெற்ற பத்மஸ்ரீ: ஒரு திருத்தம்

மண்டபம், பாம்பன் பகுதி மீனவக் குடும்பங்களிடையே மதுப்பழக்கத்தின் துயரை வில்லுப்பாட்டின் வழியே பேசுவது பற்றிய உரையாடல்களில், வில்லிசைக் கலைஞர் சுப்பு ஆறுமுகம் அவர்களுக்குப் பத்மஸ்ரீ விருது அவருடைய மறைவுக்குப் பின்னரே அறிவிக்கப்பட்டது என்னும் கருத்து பகிரப்பட்டு வருகிறது. அன்புகூர்ந்து திருத்திக்கொள்ள வேண்டுகிறேன். விருது அறிவிக்கப்பட்டது 2021 ஜனவரியில்; அவர் மறைந்தது 2022 அக்டோபர் 10 அன்று. காந்தியின் கதையையும் சமூகச் செய்திகளையும் வில்லில் ஏற்றிப் பாடிய ஒருவருக்குத் தொண்ணூறு வயதைக் கடந்த பிறகுதான் அந்த மதிப்பு வந்தது என்று வருந்தினால், அதில் நியாயம் உண்டு. ஐயமுள்ளோர் பத்ம விருதுகளுக்கான அரசு இணையதளத்தில் 2021ஆம் ஆண்டுப் பட்டியலைத் திறந்து பார்க்கலாம்: எஸ்.பி. பாலசுப்பிரமணியம் அவர்களின் பெயரருகே மறைவுக்குப் பின் வழங்கப்படுவது என்ற குறிப்பு இருக்கும். சுப்பு ஆறுமுகம் பெயரருகே அது இராது.