சிம்பிளா ஒரு ரசம் போதுமாம்!

கும்பகோணத்தில் இரண்டு நாள் கல்யாணம். வேளா வேளைக்கு இலை போட்டுச் சாப்பிட்டுவிட்டு ஞாயிறு ராத்திரி எட்டு மணிக்கு வீடு வந்து சேர்ந்தோம். செருப்பைக்கூட கழற்றவில்லை, என் வீட்டுக்காரர் வயிற்றைத் தடவிக்கொண்டே சொல்கிறார்: "நீ ஒண்ணும் மெனக்கெடாதே. சிம்பிளா ஒரு ரசம் வச்சிடு, போதும்."

இந்த 'சிம்பிளா' என்ற சொல்லை எவன் கண்டுபிடித்தானோ, அவனை ஒரு நாள் என் அடுப்படியில் நிறுத்தவேண்டும்.

ரசம் என்றால் சோறு வேண்டாமா? பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அரிசி களைந்தேன். பருப்புத்தண்ணிக்கு ஒரு கைப்பிடி துவரம்பருப்பு. நெல்லிக்காய் அளவு புளியை எடுத்து ஊறவைத்தேன். இரண்டு நாள் பூட்டிக்கிடந்த வீட்டில் தக்காளி ஒன்று அழுகியிருந்தது, கொத்தமல்லி கொழகொழவென்று. மிளகு சீரகத்தை மிக்சியில் போடப் போனால் கூடத்திலிருந்து அத்தை குரல்: "உரல்ல தட்டிப் போடும்மா, அப்பதான் வாசனை." தட்டினேன். பூண்டையும் தட்டினேன். வேறு யாரைத் தட்டுவது?

அத்தையின் சீதனமாக வந்த ஈயச்சொம்பில் வைத்தால்தான் அது ரசம், இல்லாவிட்டால் புளித்தண்ணியாம். பெயர்தான் ஈயம், அது வெள்ளீயம். 232 டிகிரியிலேயே உருகிவிடும். வெறும் சொம்பை அடுப்பில் வைத்துவிட்டு ஒரு நிமிடம் அசந்தால் சீதனமே பர்னரில் வழியும். ரசமும் அப்படித்தான், நுரை கட்டிப் பொங்கி வரும் அந்தச் சமயத்தில் இறக்கவேண்டும். தளதளவென்று கொதித்துவிட்டால் வாசனை போச்சு. ஆகக்கூடி, சாம்பாரைக்கூட அடுப்பில் வைத்துவிட்டுத் துணி மடிக்கலாம், இந்த 'சிம்பிள்' ரசத்துக்குப் பக்கத்திலேயே காவல் நிற்கவேண்டும்.

சரி, நெய்யில் கடுகு தாளித்துக் கொட்டி மூடியாகிவிட்டது. முடிந்ததா? பையன் எட்டிப் பார்க்கிறான்: "அம்மா, அப்பளம்?" எண்ணெய்ச் சட்டி ஏறியது. பின்னாலேயே அவர்: "உருளைக்கிழங்கு ரெண்டு இருந்தா சும்மா வதக்கிடேன்." சும்மா! உருளைக்கிழங்கு தானே தோலை உரித்துக்கொண்டு சட்டியில் குதிக்குமா? அத்தை பங்குக்கு, "ஒரு பருப்புத் துவையல் இருந்தா இன்னும் நல்லாருக்கும், பரவால்ல விடு." அந்தப் 'பரவால்ல விடு'வைக் கேட்டபிறகு அரைக்காமல் இருக்க முடியுமா, நீங்களே சொல்லுங்கள்.

சாப்பிட்டு முடிக்க ஒன்பதரை. இருபது நிமிடத்தில் இலை காலி. தொட்டியில் எண்ணிப் பார்த்தேன், குக்கர், சொம்பு, சட்டி, மிக்சி ஜார், தட்டு, கரண்டி என்று இருபத்திமூன்று உருப்படி.

2019-ல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் அதற்குச் செலவிடுகிறார்கள் என்று வந்தது. 299-ஐ நான் நம்புகிறேன். அந்த 97 நிமிடக்காரர்கள் எந்தத் தெருவில் இருக்கிறார்கள் என்றுதான் தெரியவில்லை. எங்கள் தெருவில் நிச்சயமாக இல்லை.

எனக்கு ரசம் வைக்கக் கசக்கவில்லை. நன்றாகவே வைப்பேன், மூன்று டம்ளர் குடித்தவர்கள் இருக்கிறார்கள். 'இன்னைக்கு உனக்கு வேலை ஜாஸ்தி' என்று சொல்லிவிட்டுக் கேட்டால் வாயை மூடிக்கொண்டு செய்துவிட்டுப் போகிறேன். வேலையையும் வாங்கிக்கொண்டு, அது வேலையே இல்லை என்றும் சொல்வதுதான் பற்றிக்கொண்டு வருகிறது. பொங்கல் வடை செய்தால் 'கஷ்டப்பட்டாள்' என்றாவது ஒரு பெயர் கிடைக்கும், ரசத்துக்கு அதுவும் கிடையாது. இன்று காலை தங்கையிடம் போனில் சொல்கிறார்: "நேத்து வீட்ல ஒண்ணும் பண்ணலை, வெறும் ரசம்தான்."

பதினோரு மணிக்கு ஆபீசிலிருந்து எனக்குப் போன். நேற்று களைத்துப் போயிருந்தேனே என்று ரொம்ப அக்கறை. ராத்திரிக்கு மெனக்கெட வேண்டாமாம், சிம்பிளா அடை போதுமாம்.

அவியல்கூட வேண்டாமாம். வெல்லம் தொட்டுக்கொள்வாராம்.