மார்ச் வெயில் ஆப்பிளுக்கு நல்லதல்ல

மார்ச்சிலேயே வெயில் வந்துவிட்டதால் இமாச்சலில் இந்த வருடம் ஆப்பிள் அமோகம் என்று சிலர் எழுதுவது தலைகீழ், நம்பி யாரும் கணக்குப் போடாதீர்கள். ராயல் டெலிசியஸ் என்ற ஆப்பிள் ரக மரத்துக்குக் குளிர்காலத்தில் 7 டிகிரிக்குக் கீழே 1000 மணி நேரத்துக்கு மேல் குளிர் வேண்டும், அது குறைந்தாலே பூ சீராக வராது. அப்புறம் சூட்டில் மொட்டு முந்திக்கொண்டு விரிந்தால் ஏப்ரல் உறைபனியில் மாட்டும். மூடிய மொட்டு தாங்கும் குளிரை விரிந்த பூ தாங்காது, மைனஸ் 2 டிகிரியிலேயே கருக ஆரம்பிக்கும், இதழ் வெள்ளையாக நன்றாகத்தான் தெரியும், பிளந்து பார்த்தால் நடுவில் காயாக மாற வேண்டிய சூல் கறுத்திருக்கும். ஆலங்கட்டி மழை வேறு. காற்றும் மேகமும் இல்லாத இரவில் குளிர் பள்ளத்தில்தான் தேங்கும், அதனால் தாழ்வான தோட்டம் வைத்திருப்பவர்கள் பூ முடியும் வரை இரவு வெப்பநிலை முன்னறிவிப்பைத் தினமும் பாருங்கள்.