தெய்ர் யாசினில் இறந்தவர்களை எண்ணியவர்கள்

ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 9 அன்று தெய்ர் யாசின் படுகொலையை நினைவுகூரும் பதிவுகள் தமிழில் தவறாமல் வருகின்றன. அவற்றில் பெரும்பாலானவை கொல்லப்பட்டோர் எண்ணிக்கையை 254 என்று குறிப்பிடுகின்றன. நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் எழுதிவந்தேன். அண்மையில் நண்பர் ஒருவரின் பதிவில், அந்த எண் பிழையானது, பாலஸ்தீன ஆய்வாளர்களே அதை 107 என்று திருத்திவிட்டார்கள் என்று பின்னூட்டம் இட்டேன். "தோழர், செத்தவர்களின் கணக்கைக் குறைத்துக் காட்டுவது யாருடைய வேலை என்று உங்களுக்குத் தெரியாதா?" என்று அவர் கேட்டார். அவருடைய கோபத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கேள்விக்கான பதில் பின்னூட்டத்தில் அடங்காது என்பதால் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

தெய்ர் யாசின் ஜெருசலேமுக்கு மேற்கே, சுமார் 600 பேர் வாழ்ந்த சிற்றூர். கல்குவாரி வேலைதான் அவர்களில் பலருக்குப் பிழைப்பு. 1948 ஏப்ரல் 9 அன்று விடியற்காலையில் இர்குன், லெஹி ஆகிய இரண்டு சியோனிச ஆயுதக் குழுக்கள் அந்த ஊரைத் தாக்கின. அன்று மாலையே இர்குன் தளபதி செய்தியாளர்களைக் கூட்டி 254 பேர் கொல்லப்பட்டதாக அறிவித்தார். உண்மையில் எத்தனை பேர் இறந்தார்கள் என்பதை அப்போது யாரும் எண்ணியிருக்கவில்லை. பிற ஊர்களில் பீதி பரவ வேண்டும் என்பதற்காகவே பெரிய எண்ணைச் சொன்னதாக அவரே பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார். அந்த எண் எல்லோருக்கும் பயன்பட்டது. இர்குன் மீது பழிசுமத்த விரும்பிய, யூதர்களின் முதன்மைப் படையான ஹகானாவும், அண்டை அரபு நாடுகளைப் போருக்கு எழுப்ப விரும்பிய பாலஸ்தீனத் தலைமையும் அதையே திரும்பச் சொன்னார்கள். நாளிதழ்கள் அச்சிட்டன. கொன்றவர்கள் இட்டுக்கட்டிய எண் அப்படியே கொல்லப்பட்டவர்களின் நினைவுச் சின்னமாக ஆகிவிட்டது.

அதைத் திருத்தியவர்கள் மேற்குக்கரையின் பிர்ஸெய்த் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய மானிடவியலாளர் ஷரீஃப் கனானாவும் அவருடைய சக ஆய்வாளரும் ஆவர். அழிக்கப்பட்ட பாலஸ்தீன ஊர்களை ஊருக்கு ஒரு நூலாக ஆவணப்படுத்தும் திட்டம் ஒன்றை அந்தப் பல்கலைக்கழகம் 1980-களில் தொடங்கியது. அதில் தெய்ர் யாசினைப் பற்றிய நூல் 1987-இல் வெளிவந்தது. உயிர்பிழைத்தவர்களைத் தேடிப்பிடித்து, குடும்பம் குடும்பமாக, பெயர் பெயராகக் கேட்டு, ஒருவர் சொன்னதை மற்றவர் சொன்னதோடு ஒப்பிட்டு அவர்கள் ஒரு பட்டியலைத் தயாரித்தார்கள். அந்தப் பட்டியலில் 107 பேர் இருந்தார்கள். முதல் இன்டிஃபாதா எனப்படும் பாலஸ்தீன மக்கள் எழுச்சி தொடங்கிய சில வாரங்களிலேயே, 1988 ஜனவரியில், இஸ்ரேலிய இராணுவ உத்தரவால் அந்தப் பல்கலைக்கழகம் மூடப்பட்டது. மீண்டும் திறக்க 51 மாதங்கள் ஆயின. இப்படிப்பட்ட அடக்குமுறை சூழ்ந்திருந்த காலத்தில், தங்கள் மக்களின் துயரத்திற்கே அடையாளமாகிவிட்ட ஓர் எண்ணைப் பாதிக்கும் கீழாகக் குறைக்கும் துணிவு அவர்களுக்கு இருந்தது. பின்னால் இஸ்ரேலிய வரலாற்றாசிரியர்களும் ஏறக்குறைய இதே கணக்கிற்குத்தான் வந்து சேர்ந்தார்கள். 107 பேர் ஒரே நாளில் ஓர் ஊரில் கொல்லப்பட்டது போதாதா? அதற்கு மேல் 147 பேரைக் கற்பனையில் கொன்று சேர்க்க வேண்டிய தேவை எங்கிருந்து வருகிறது?

எண்ணிக்கை பற்றிய இந்தக் கவனம் பாலஸ்தீன வரலாற்றாய்வில் ஏன் இவ்வளவு முக்கியமாயிற்று என்பதைப் புரிந்துகொள்ள, அந்த ஆய்வு எத்தகைய சூழலில் நடக்கிறது என்று பார்க்க வேண்டும். வேறு நாட்டு வரலாற்றாசிரியர் தேசிய ஆவணக் காப்பகத்திற்குச் சென்று கோப்பு எண்ணை எழுதிக் கொடுத்துக் காத்திருக்கலாம். பாலஸ்தீனருக்கு அப்படி ஒரு காப்பகம் வாய்க்கவில்லை. இருந்த தாள்களும் நூல்களும் இஸ்ரேல் உருவான 1948-இலேயே கைமாறின. மேற்கு ஜெருசலேமின் அரபு வீடுகளிலிருந்து மட்டும் ஏறக்குறைய 30,000 நூல்கள் திரட்டப்பட்டு, இன்று இஸ்ரேலின் தேசிய நூலகமாக இருக்கும் நிறுவனத்திற்குக் கொண்டுசெல்லப்பட்டன. அவற்றில் சுமார் 6,000 நூல்களின் அட்டவணை எண்ணுக்கு முன்னால் இன்றும் 'ஏபி' என்ற இரண்டு எழுத்துகள் இருக்கின்றன. கைவிடப்பட்ட உடைமை என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது. கதமோன் பகுதியில் வாழ்ந்த கல்வியாளர் கலீல் சகாகினி, 1948 ஏப்ரல் 30 அன்று குண்டுவீச்சுக்கு நடுவே தம் குடும்பத்தோடு வீட்டை விட்டுக் கெய்ரோவுக்குச் சென்றவர். நூல்களை எடுத்துச் செல்ல வழியில்லை. 1967 போருக்குப் பிறகு அவருடைய மகள்கள் அந்த நூலகத்திற்குச் சென்றபோது, தந்தையின் கையெழுத்தில் குறிப்புகள் இருந்த நூல்களை அங்கே கண்டார்கள். யாரும் எதையும் கைவிடவில்லை என்பதற்கு அந்த ஓரக்குறிப்புகளைக் காட்டிலும் வேறென்ன சான்று வேண்டும்?

அதற்குப் பிறகு உருவாக்கப்பட்டவையும் தப்பவில்லை. பாலஸ்தீன விடுதலை இயக்கம் 1965-இல் பெய்ரூத்தில் ஓர் ஆய்வு மையத்தைத் தொடங்கியது. அரபு, ஆங்கிலம், ஹீப்ரு ஆகிய மொழிகளில் 25,000 நூல்கள் அளவுக்கு அதன் நூலகம் வளர்ந்தது. எதிரியின் மொழியைப் படித்து எதிரியின் ஆவணங்களை வாசிக்கும் ஆய்வாளர்களின் ஒரு தலைமுறையே அங்கே உருவானது. அதன் இயக்குநர் அனிஸ் சாயெக் 1972-இல் அஞ்சலில் வந்த குண்டு வெடித்துப் படுகாயமடைந்தார். 1982 செப்டம்பரில் மேற்கு பெய்ரூத்துக்குள் நுழைந்த இஸ்ரேலிய இராணுவம் மையத்தின் நூலகத்தையும் ஆவணங்களையும் லாரிகளில் ஏற்றிச் சென்றது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் அதே கட்டடத்தின் வாசலில் வெடித்த கார்குண்டில், மையத்தில் பணிபுரிந்தவர்கள் உட்படப் பலர் இறந்தார்கள். 1983 நவம்பரில் போர்க்கைதிகள் பரிமாற்றம் நடந்தபோது பேச்சுவார்த்தையில் அந்த ஆவணங்களும் ஒரு பொருளாக இருந்தன. கைதிகளோடு சேர்த்துக் காகிதங்களையும் மீட்க வேண்டியிருந்த வரலாற்றுத் துறை வேறெங்கும் இருந்ததாக நான் படித்ததில்லை. திரும்பி வந்த பெட்டிகள் அல்ஜீரியாவுக்கு அனுப்பப்பட்டன. பழையபடி ஒரு நூலகமாக அவை மீண்டும் அடுக்கப்படவே இல்லை.

இதே பெய்ரூத்தில் 1963-இல் பாலஸ்தீன வரலாற்றாசிரியர் வலீத் காலிதியும் அவருடைய நண்பர்களும் எந்த அரசையும் இயக்கத்தையும் சாராமல் தொடங்கிய பாலஸ்தீன ஆய்வு நிறுவனம்தான் இன்றுவரை நிலைத்திருக்கிறது. 1948-இல் அழிக்கப்பட்ட, மக்கள் வெளியேற்றப்பட்ட ஊர்களைப் பற்றிக் காலிதி 1992-இல் வெளியிட்ட தொகுப்பில் 418 ஊர்கள் இடம்பெற்றன. பிர்ஸெய்த்திலிருந்தும் நாசரேத்திலிருந்தும் ஆய்வாளர்கள் ஒவ்வோர் ஊரின் இடத்திற்கும் நேரில் சென்று, எஞ்சியிருப்பதைப் பார்த்துப் படமெடுத்துக் குறித்துவந்தார்கள். அந்தக் குறிப்புகளில் சப்பாத்திக்கள்ளி அடிக்கடி வருகிறது. வேலியாக நடப்பட்ட அந்தக் கள்ளி, வீடுகள் இடிக்கப்பட்டு மேலே பைன் மரக்காடு வளர்க்கப்பட்ட பின்பும் வேரிலிருந்து மீண்டும் துளிர்த்து, ஊரின் எல்லை எதுவரை இருந்தது என்று காட்டிக்கொண்டே இருக்கிறது.

வேறு ஆய்வாளர்களின் பட்டியல்களில் இந்த எண்ணிக்கை 400-க்குச் சற்றுக் குறைவாகவும் 530-க்குச் சற்று அதிகமாகவும் இருக்கும். முரண்பாடு என்று இதைச் சுட்டிக்காட்டிப் படுகொலைகளையே மறுக்க முனைபவர்கள் உண்டு. எதை ஊர் என்று கொள்வது என்பதுதான் வேறுபாடு. நிலைத்த வீடுகளும் ஊர்ப்பெயரும் உள்ளவற்றை மட்டும் எடுத்தால் ஒரு கணக்கு வரும். நெகேவ் பாலைவனத்துப் பெதூயின் குடிகளின் தங்குமிடங்களையும் சேர்த்தால் இன்னொரு கணக்கு வரும். தன் வரையறையைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடும் ஆய்வாளரை நம்பலாம் என்பது நான் இத்தனை ஆண்டுகள் வாசித்ததில் கற்றுக்கொண்டது.

வாய்மொழிச் சாட்சியம் பற்றித்தான் எனக்கு ஆறாத மனக்குறை. 1973-இல் லெபனான் அகதி முகாம்களில் கலிலேயாப் பகுதி மக்களைச் சந்தித்து, அவர்கள் எப்படி வெளியேற்றப்பட்டார்கள் என்று ஊர் ஊராகப் பதிவு செய்தார் பாலஸ்தீன ஆய்வாளர் நாஃபெஸ் நஸ்ஸால். 1978-இல் அது நூலாக வந்தது. உலகம் அதை அகதிகளின் புலம்பலாக ஒதுக்கியது. பத்தாண்டுகள் கழித்து இஸ்ரேலிய வரலாற்றாசிரியர் பென்னி மோரிஸ் இஸ்ரேலிய ஆவணங்களைக் கொண்டு, 1948-இல் சுமார் 7,00,000 பேர் வெளியேறியதற்கு, வெளியேறும்படி அரபுத் தலைமை விடுத்ததாகச் சொல்லப்பட்ட அழைப்பு காரணமன்று என்று எழுதியபோதுதான் அது வரலாறாக ஏற்கப்பட்டது. மோரிஸின் உழைப்பை நான் குறைத்து மதிப்பிடவில்லை. 1948 ஜூன் 30 தேதியிட்ட இஸ்ரேலிய இராணுவ உளவுத்துறை அறிக்கை ஒன்றை அவர் ஓர் இடதுசாரி சியோனிச இயக்கத்தின் காப்பகத்தில் கண்டெடுத்தார். அதுவரை நடந்த வெளியேற்றத்தில் ஏறத்தாழ 70 விழுக்காட்டுக்கு யூதப் படைகளின் நடவடிக்கைகளே காரணம் என்று அந்த அறிக்கையே கணக்கிட்டிருந்தது. ஆனால், ஹீப்ருவில் தட்டச்சு செய்யப்பட்ட ஒரு தாள் உறுதிசெய்யும் வரை அரபுப் பெண்ணொருத்தி தன் கண்ணால் கண்டதைச் சொன்னது சான்றாகாது என்ற அளவுகோல் எந்த விதத்தில் அறிவியல்? அந்தத் தாளும் நிலைக்கவில்லை. பாதுகாப்பு அமைச்சகத்தைச் சேர்ந்த அலுவலர்கள் காப்பகங்களுக்குச் சென்று, ஏற்கெனவே திறந்திருந்த கோப்புகளை மீண்டும் பூட்டிவருவதை 2019-இல் இஸ்ரேலிய நாளிதழான ஹாரெட்ஸ் வெளிக்கொண்டு வந்தது. பூட்டப்பட்டவற்றில் இந்த அறிக்கையும் இருந்தது.

தந்தூராவில் நடந்ததும் இதைச் சேர்ந்ததே. ஹைஃபாவுக்குத் தெற்கே கடலோரத்தில் இருந்த அந்த ஊர் 1948-இல் பிடிபட்ட பிறகு ஊர்மக்கள் கொல்லப்பட்டார்கள் என்று, ஹைஃபா பல்கலைக்கழக மாணவரான டெடி காட்ஸ் 130-க்கும் மேற்பட்டவர்களை, அரபு ஊர்மக்கள், யூதப் படைவீரர்கள் என இரு தரப்பிலும், நேர்காணல் செய்து 1998-இல் முதுகலை ஆய்வேட்டைச் சமர்ப்பித்தார். உயர்ந்த மதிப்பெண் கிடைத்தது. நாளிதழில் செய்தி வந்ததும், ஊரைப் பிடித்த படைப்பிரிவின் முன்னாள் வீரர்கள் அவதூறு வழக்குத் தொடுத்தார்கள். வழக்கின் நெருக்கடியில் அவர் தம் முடிவை மறுத்துக் கையெழுத்திட்டு, மறுநாளே அதைத் திரும்பப் பெற முயன்றார், நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆய்வேட்டில் சில இடங்களில் ஒலிநாடாவுக்கும் எழுத்துக்கும் பொருத்தமில்லை என்பது உண்மைதான், அதை மறைக்கக் கூடாது. ஆனால் ஒலிநாடாக்கள் இருந்தன. 2022-இல் வெளியான ஆவணப்படத்தில் அதே முன்னாள் வீரர்கள் சிலர், முதுமையில், ஊர் பிடிபட்ட பிறகு நடந்த கொலைகளைத் தம் வாயாலேயே பேசினார்கள்.

துயரத்தின் வரலாறு மட்டுமே பாலஸ்தீன வரலாறு என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். பாலஸ்தீன வரலாற்றாசிரியர் பெஷாரா தூமானி, மேற்குக்கரையின் நப்லூஸ் நகரின் இஸ்லாமிய நீதிமன்றப் பதிவேடுகளையும் குடும்பங்களிடம் இருந்த தாள்களையும் வாசித்து, 1700 முதல் 1900 வரையிலான அந்த மலைநாட்டின் சமூக வரலாற்றை எழுதினார். சொத்துப் பிரிவினை, திருமணக் கொடை, கடன் தகராறு என்று எழுத்தர் ஒருவர் பதிந்துவைத்த வரிகள்தான் அவருக்குச் சான்று. ஒலிவ எண்ணெயிலிருந்து நப்லூஸ் சோப்பு காய்ச்சப்பட்டுக் கெய்ரோ வரை சென்றது. நகரத்து வணிகர் அறுவடைக்கு முன்பே விவசாயிக்குப் பணம் கொடுத்து, வரப்போகும் எண்ணெயை அன்றைய விலைக்குக் குறைவாகப் பேசி முடித்துக்கொண்டார். விளைச்சல் பொய்த்த ஆண்டில் கடன் ஏறியது. கடன் ஏற ஏற நிலம் கைமாறியது. நம் ஊரில் அறுவடைக்கு முன்னால் களத்துமேட்டில் நடந்த கணக்கை அறிந்தவர்களுக்கு இது அந்நியமாக இருக்காது. ஆளில்லாத நிலம் என்று சொல்லப்பட்ட இடத்தில் வட்டியும் வழக்கும் சோப்பு ஆலையும் குடும்பப் பகையும் இருந்தன என்பதைக் காட்டுவதற்கு முழக்கம் எதுவும் அவருக்குத் தேவைப்படவில்லை.

காசாவுக்கு வருகிறேன். காசாவின் பெரிய உமரி பள்ளிவாசல் நூலகத்தில் இருந்த 200-க்கும் மேற்பட்ட கையெழுத்துப் படிகளை, 2023-க்கு முன்பே அங்கிருந்த சில ஆய்வாளர்கள் ஒவ்வொரு பக்கமாகப் படமெடுத்து வைத்திருந்தார்கள். 2023 டிசம்பரில் பள்ளிவாசல் இடிந்தது. நகராட்சியின் மைய ஆவணக் காப்பகம் அதற்கு முன்பே எரிந்துபோனது. 2024 ஜனவரியில் இஸ்ரா பல்கலைக்கழகக் கட்டடம் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. போரின் முதல் ஆறு மாதங்களில் 95 பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் கொல்லப்பட்டதாக ஐ.நா. வல்லுநர்கள் 2024 ஏப்ரலில் தெரிவித்தார்கள். எழுத வேண்டியவர்களும் எழுதுவதற்கான சான்றுகளும் ஒருசேரப் போய்க்கொண்டிருந்தார்கள்.

2023 அக்டோபர் 25 அன்று அப்போதைய அமெரிக்க அதிபர் ஜோ பைடன், பாலஸ்தீனர்கள் சொல்லும் எண்ணிக்கையில் தமக்கு நம்பிக்கை இல்லை என்றார். மறுநாள் காசா சுகாதார அமைச்சகம் ஒரு பட்டியலை வெளியிட்டது. 6,747 பேரின் பெயர், வயது, பாலினம், அடையாள அட்டை எண் அதில் இருந்தன. அடையாளம் காணப்படாத உடல்கள் 281 என்று தனியே குறித்திருந்தார்கள். அவர்களுக்குப் பெயர் இட்டு நிரப்பவில்லை. மருத்துவமனைகள் குண்டுவீச்சுக்கு நடுவே இயங்கிக்கொண்டிருந்த நாட்கள் அவை. தெய்ர் யாசினின் 107 பேரைக் கனானா பட்டியலிட்டதும் இதே முறையில்தான்.

எனவே தோழர், அடுத்த ஏப்ரல் 9 அன்று உங்கள் பதிவில் 107 என்று எழுதுங்கள். அந்தப் பெயர்ப் பட்டியல் கிடைத்தால் அதையும் தமிழில் எழுத்துப்பெயர்த்துப் போடலாம். நானும் உடன் உட்கார்ந்து செய்கிறேன்.