நேர்க்குச்சியில் வந்த வளைவு

ஆங்கிலேயச் சிற்பி ஹென்றி மூர் லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் நூல் கட்டிய கணித மாதிரிகளைப் பார்த்துத்தான் 1930-களில் நூல் சிற்பங்கள் செய்தார் என்கிறது, அரூபச் சிற்பத்தில் (ஆள், விலங்கு என்று எதையும் அப்படியே காட்டாத சிற்பத்தில்) கணக்கு பற்றி நான் படித்த ஒரு கட்டுரை. சரிதான். ஆனால் அவரை இழுத்தது கணக்கு அல்ல. பறவைக் கூண்டு மாதிரி நூல்களின் ஊடே உள்ளே இருப்பதையும் பார்க்க முடிந்ததுதான். அவரே சொன்னது இது. கட்டுரை அதை விட்டுவிட்டது.

அந்த மாதிரியைப் பார்க்க லண்டன் போக வேண்டாம். நாகர்கோவிலில் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஒரு பழைய பிரம்பு மோடா, அதாவது முதுகு சாய்மானம் இல்லாத இருக்கை, கிடக்கிறது. மேலே ஒரு வளையம், கீழே ஒரு வளையம், நடுவில் சாய்த்துக் கட்டிய குச்சிகள். ஒரு குச்சிகூட வளையவில்லை, ஸ்கேல் வைத்தே பார்த்தேன். ஆனாலும் மொத்த உருவம் உடுக்கை மாதிரி இடை ஒடுங்கி நிற்கிறது! கணக்கில் இதற்குப் பெயர் அதிபரவளையத் திண்மம் (hyperboloid). கட்டியவருக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

கணக்கு சிற்பத்துக்குப் புதிதும் இல்லை. எங்கள் மாவட்டத்துச் சிற்ப ஊரான மயிலாடியின் கல்தச்சர்களும் முகத்தின் நீளத்தை ஒரு தாளமாக வைத்துத்தான் முழு உடலுக்கும் அளவு பிரிப்பார்கள். அது உருவச் சிற்பம், அரூபம் இல்லை என்பீர்கள். அப்படியானால் கன்னியாகுமரி கடையில் பாதியாக அறுத்த சங்கு ஒன்று வாங்கி உள்சுருளைப் பாருங்கள். சுற்றுக்குச் சுற்று ஏறத்தாழ ஒரே விகிதத்தில் பெரிதாகும். என்னுடையது இப்போது பேப்பர் வெயிட்.