சத்தம் பத்தாது

"அந்தப் புள்ளைக்குச் சத்தம் பத்தாதுங்க்கா."

போன வாரம் எங்கள் கம்பெனியில் நான்காம் லைனுக்குச் சூப்பர்வைசர் போடுவது பற்றிப் பேச்சு வந்தது. இருந்தவர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். மேசையைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்திருந்தோம், அதில் நான் ஒருத்திதான் பெண். அந்த லைனிலேயே சைடு ஓவர்லாக் அடிக்கும், அதாவது பனியனின் பக்கவாட்டைச் சேர்த்துத் தைக்கும், ஒரு பெண்ணின் பெயரைச் சொன்னேன். பதினொரு வருட அனுபவம். அவளுக்கு வேலை தெரியாது என்று யாரும் சொல்லவில்லை, பொறுப்பில்லை என்றும் சொல்லவில்லை. சத்தம் பத்தாதாம்.

திருப்பூர் பக்கம் வராதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். பனியன் கம்பெனியில் ஒரு லைன் என்றால் வரிசையாக முப்பது நாற்பது மெஷின். ஒருவர் தோள் சேர்ப்பார், ஒருவர் கழுத்துக்கு ரிப் ஏற்றுவார், ஒருவர் கை வைப்பார், ஒருவர் சைடு அடிப்பார், கடைசியில் பேட்லாக் மெஷினில் அடி மடித்து வெளியே வரும். நடுவில் யாராவது ஒருவரிடம் பண்டல் தேங்கினால் அவருக்குப் பின்னால் இருப்பவர்கள் எல்லாம் சும்மா உட்கார வேண்டியதுதான். தேங்காமல் பார்த்துக்கொள்வதுதான் சூப்பர்வைசர் வேலை. எங்கே தேங்கப் போகிறது என்பது ஒரு மணி நேரம் முன்னாலேயே தெரிய வேண்டும். அதற்குக் கண்ணும் கணக்கும் வேண்டும். தொண்டை எதற்கு என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. மெஷின் இரைச்சல் உண்டுதான், ஒத்துக்கொள்கிறேன். பக்கத்தில் போய் நின்று பேசினால் யாருக்கும் கேட்கும்.

இந்தப் பெண்ணை இரண்டு மாதமாகக் கவனித்து வந்தேன். ஒரு நாள் மதியம் மூன்று மணி இருக்கும். கழுத்து ரிப் ஏற்றும் இடத்தில் புதிதாக வந்த ஒடிசாப் பெண்ணிடம் பண்டல் மலையாகக் குவிந்துவிட்டது. சூப்பர்வைசர் டீ குடிக்கப் போயிருந்தார். இவள் தன் பண்டலை முடித்துக் கட்டி வைத்துவிட்டு எழுந்து போனாள். அந்தப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது, இவளுக்கு ஒடியா தெரியாது. மெஷினில் லூப்பர் நூல் அறுந்து அறுந்து போவதைப் பார்த்தாள். டென்ஷனைக் கொஞ்சம் தளர்த்தி, நூலை மறுபடி கோத்து, இரண்டு பீஸ் தானே அடித்துக் காட்டினாள். பிறகு அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து, ரிப்பை எவ்வளவு இழுக்க வேண்டும் என்று துணியிலேயே காட்டினாள். ஐந்து நிமிடம்தான். ஒரு சத்தம் இல்லை. டீ குடித்துவிட்டு வந்த சூப்பர்வைசர் போர்டில் அந்த மணிக்கான எண்ணிக்கையைப் பார்த்துவிட்டு, "எல்லாரும் வெரசா அடிங்க" என்று ஒரு அதட்டல் போட்டார். அந்த மணியின் உற்பத்தி யார் கணக்கில் ஏறியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

மத்திய அரசின் 2019-20 ஆண்டுத் தொழிற்சாலைக் கணக்கெடுப்பின்படி, இந்தியா முழுக்கத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் 43 சதவீதம் பேர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். நமக்குப் பெருமையான எண்தான், மேடைக்கு மேடை சொல்கிறோம். அந்தப் பெண்களில் எத்தனை பேர் மெஷினை விட்டு எழுந்து இன்னொருவர் வேலையைக் கவனிக்கும் இடத்துக்கு வந்தார்கள் என்று கேட்டால் மேடை அமைதியாகிவிடும்.

பங்களாதேஷிலும் இதே கதைதான். அங்கே ஆடைத் தொழிற்சாலைகளில் பொருளாதார ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்து பார்த்தார்கள், அறிக்கை 2020இல் வந்தது. லைனில் வேலை செய்பவர்களில் கிட்டத்தட்ட 80 சதவீதம் பெண்கள், சூப்பர்வைசர்களில் 95 சதவீதம் ஆண்கள். தொழிலாளிகளில் சிலரைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்துச் சூப்பர்வைசர் வேலையில் விட்டார்கள். பயிற்சிக்கு முன்னால் கேட்டபோது, பெண் தொழிலாளிகள் உட்பட எல்லா மட்டத்திலும் 'ஆண்தான் சரி' என்றே சொல்லியிருக்கிறார்கள். திறமையை அளந்து பார்த்தால் அந்த நம்பிக்கை பல இடங்களில் பொருந்தவில்லை.

எனக்கு முக்கியமாகப் பட்டது அடுத்த பகுதி. பெண்கள் பொறுப்பேற்றதும் முதலில் நிலைமை கொஞ்சம் மோசமாகத்தான் இருந்தது. லைனில் இருப்பவர்கள் அவர்களைக் குறைத்து மதிப்பிட்டார்கள், சில லைன்களில் உற்பத்தியும் இறங்கியது போலத் தெரிந்தது. சுமார் நான்கு மாதம் கழித்துப் பார்த்தால் மதிப்பீடு, உற்பத்தி இரண்டுமே ஆண் சூப்பர்வைசர்களுக்குச் சமமாக வந்துவிட்டன.

நாம் எத்தனை நாள் கொடுக்கிறோம்? நான் பார்த்த இடங்களில் இரண்டு வாரம். பதினைந்தாம் நாள் புரொடக்‌ஷன் ஷீட்டைப் பார்த்துவிட்டு, "நாந்தான் அப்பவே சொன்னனே" என்பார்கள். புதிதாக வரும் ஆண் சூப்பர்வைசர் முதல் மாதம் சொதப்பினால் அவருக்கு லைன் பழகவில்லை என்போம். பெண் சொதப்பினால் மட்டும் அது பெண் என்பதால் என்று ஆகிவிடுகிறது.

நான் ஒன்றும் யோக்கியம் இல்லை. நான் கைமடிக்கும் வேலையில் சேர்ந்து, டெய்லராகி, சூப்பர்வைசராகி, இப்போது ஆறு லைனுக்கு இன்சார்ஜ். சூப்பர்வைசரான முதல் ஆறு மாதம் ஆண்களைவிட அதிகமாகக் கத்தியவள் நான்தான். கத்தினால்தான் மதிப்பார்கள் என்று நினைத்தேன். அதைவிட மோசமான ஒன்று உண்டு. இன்சார்ஜ் ஆன பிறகு, பதவி உயர்வுக்கு வந்த மூன்று பெண்களின் பெயருக்கு எதிரில் 'ஒத்து வராது' என்று என் கையாலேயே எழுதியிருக்கிறேன். ஒருத்தி கைக்குழந்தைக்காரி, ஒருத்தி அதிகம் பேசமாட்டாள். மூன்றாவது பெண்ணுக்கு என்ன காரணம் எழுதினேன் என்பதே மறந்துவிட்டது. அதுதான் உறுத்துகிறது.

சரி, எல்லா கம்பெனியிலும் சொல்லும் இன்னொரு பதிலுக்கு வருகிறேன். "நாங்க கேட்டமுங்க, அவங்களே வேண்டாம்னுட்டாங்க." பொய் இல்லை, நிஜமாகவே வேண்டாம் என்றுதான் சொல்கிறார்கள். எதை வேண்டாம் என்கிறார்கள் என்பதை யாரும் உட்கார்ந்து கேட்பதில்லை.

முதலில் காசு. டெய்லருக்கு வாரக் கூலி, சனிக்கிழமை சாயங்காலம் கையில் வந்துவிடும். காலை எட்டரையிலிருந்து ராத்திரி எட்டரை வரை நின்றால் ஒன்றரை ஷிப்ட்டுக்கான காசு. சூப்பர்வைசர் ஆனால் மாதச் சம்பளம், எத்தனை மணி வரை நின்றாலும் அதே சம்பளம். நான் சூப்பர்வைசரான முதல் மாதம், டெய்லராக வாங்கியதைவிடக் குறைவாகத்தான் வாங்கினேன். அதைவிட, அந்த நாலு வாரத்தை எப்படி ஓட்டினேன் என்பது எனக்குத்தான் தெரியும். வாரக் கூலியை நம்பித்தான் வீட்டு வாசலில் வாராவாரம் குழுக் கடன் வசூல் நடக்கிறது, ஞாயிற்றுக்கிழமை ஏலச் சீட்டு நடக்கிறது. கடன்காரரிடம் போய் "எனக்குப் பிரமோஷன் வந்திருக்கு, அடுத்த மாசம் தர்றேன்" என்று சொல்ல முடியுமா? என் நகை ஒன்று அந்த மாதம்தான் அடகுக்குப் போனது.

அடுத்தது வண்டி. கம்பெனி வண்டி எட்டரைக்குக் கிளம்பிவிடும். சூப்பர்வைசர் அன்றைய ரிப்போர்ட் எழுதி, ஆல்ட்டர் பீஸ் (திருத்தித் தைக்க வேண்டியவை) எண்ணி, மறுநாள் தைக்க வேண்டிய கட்டிங் கேட்டு வாங்கி வெளியே வர ஒன்பதரை ஆகும். ஆண் என்றால் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விடுவார். பெண் என்றால் கேட்டில் நின்று வீட்டுக்காரருக்குப் போன் செய்ய வேண்டும். அவர் மூன்று நாள் வருவார், நாலாம் நாள் முகம் மாறும். அதற்குள் கேட்டில் நின்றதை யாராவது பார்த்து, மேனேஜரோடு சேர்த்து ஒரு கதையும் கட்டியிருப்பார்கள். ஊர் வாய்க்குக் கூலி யாரும் தருவதில்லை, ஆனாலும் அது ஓவர்டைம் பார்க்கும்.

வீட்டுக்குப் போன பிறகு இன்னொரு ஷிப்ட். 2024இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், கூலியில்லாத வீட்டு வேலை செய்பவர்களில் பெண்கள் சராசரியாக ஒரு நாளைக்கு 289 நிமிடம் செலவிடுகிறார்கள், ஆண்கள் 88 நிமிடம். எங்கள் லைனில் யாரிடம் இந்த எண்ணைச் சொன்னாலும் சிரிப்பார்கள். 88 நிமிடம் வேலை செய்யும் அந்த ஆண் எந்த ஊர்க்காரர் என்று கேட்பார்கள்.

ஆக, கூலி குறையும், வண்டி போய்விடும், வீட்டில் சண்டை வரும், ஊர் பேசும். இத்தனைக்கும் சேர்த்துக் கழுத்தில் ஒரு ஐடி கார்டு வேறு நிறத்தில் தொங்கும். புத்தியுள்ள எந்தப் பெண்ணும் வேண்டாம் என்றுதான் சொல்வாள். அதற்குத் தன்னம்பிக்கைக் குறைவு என்று பெயர் வைத்து, ஆள் கூட்டி வந்து ஒரு நாள் முழுக்க மோட்டிவேஷன் வகுப்பு நடத்துகிறோம். அந்த வகுப்புக்கு ஆகும் செலவில் ஒன்பதரைக்கு ஒரு வண்டி விடலாம். என் லைன்களில் ரிப்போர்ட்டை ஆறு மணி நிலவரத்தோடு முடித்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன், மிச்சத்தைக் காலையில் சேர்த்துக்கொள்ளலாம். இதனால் இதுவரை எங்களிடம் சரக்கு வாங்கும் எந்த பையரும் ஆர்டரை ரத்து செய்யவில்லை.

இது சம்பளம், பதவியோடு முடிகிற விஷயம் இல்லை. 2013ஆம் ஆண்டுப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தின்படி, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள் புகார்க் குழு இருக்க வேண்டும். அதற்குத் தலைவர் மூத்த பதவியில் இருக்கும் பெண்ணாக இருக்க வேண்டும். படிக்க நன்றாக இருக்கிறது. மூத்த பதவியில் பெண்ணே இல்லாத கம்பெனியில் என்ன செய்வார்கள்? நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில், கல்லூரி முடித்து எட்டு மாதமே ஆன ஹெச்.ஆர். பெண்ணைத் தலைவராகப் போட்டிருந்தார்கள். அவளுக்கு லீவு கொடுப்பது மேனேஜர். மேனேஜரின் வலது கை ஒரு சூப்பர்வைசர். அந்தச் சூப்பர்வைசர் மேல் புகார் வந்தது. அந்தப் பெண் என்ன செய்வாள், பாவம். புகார் கொடுத்தவள் அடுத்த வாரம் வேறு யூனிட்டுக்கு மாற்றப்பட்டாள். ஆடிட்டுக்கு வந்தவர்கள் சுவரில் ஒட்டியிருந்த குழுப் பட்டியலைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள்.

2021 ஜனவரியில் திண்டுக்கல் பக்கம் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்த ஓர் இளம்பெண் கொல்லப்பட்டார். கைதானவர் அங்கே சூப்பர்வைசர். அதற்குப் பிறகு நடந்த போராட்டத்தால் 2022 ஏப்ரலில் துன்புறுத்தலைத் தடுக்க ஓர் ஒப்பந்தம் வந்தது, திண்டுக்கல் ஒப்பந்தம் என்பார்கள். பெண்கள் தலைமையில் நடக்கும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன், அந்த நிறுவனத்தையும் எச் அண்ட் எம் என்ற பெரிய பிராண்டையும் கையெழுத்துப் போட வைத்தது. பிறகு கேப், பி.வி.எச். என்ற பிராண்டுகளும் சேர்ந்தன. அதில் எனக்குப் பிடித்தது ஒன்று. 25 தொழிலாளிக்கு ஒருவர் என்று துன்புறுத்தல் நடக்கிறதா என்று பார்க்கத் தொழிலாளிகளிலிருந்தே கண்காணிப்பாளர்களை எடுத்தார்கள். மேலே மூத்த பெண் அதிகாரி வரும்வரை காத்திருக்காமல், பக்கத்து மெஷினில் இருப்பவளுக்கே கேட்கும் உரிமையைக் கொடுத்துவிட்டார்கள்.

பெரிய கம்பெனி போர்டில் பெண் இயக்குநர் இருக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது, வேண்டியதுதான். முதலாளியின் மனைவியையோ மகளையோ உட்கார வைத்துக் கணக்குக் காட்டியதால், பெரிய லிஸ்டட் கம்பெனிகளில் சுயேச்சையான பெண் இயக்குநர் வேண்டும் என்று பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி தனியாகச் சொல்ல வேண்டி வந்தது. அந்த நாற்காலிகளைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்கு நான்காம் லைன் போதும்.

அன்றைக்கு மீட்டிங்கில் அரை மணி நேரம் வாதாடினேன். பங்களாதேஷ் கதையைச் சொன்னேன். கடைசியில் மேனேஜர், "சரிங்க்கா, நீங்க சொல்ற மாதிரி நாலு மாசம் பார்ப்போம். ரிப்போர்ட் மட்டும் எனக்கு வாராவாரம் வேணும்" என்றார். அவர் கெட்டவர் இல்லை, அவருக்கு மேலே இருப்பவர் அவரைத் தினமும் கேட்பார்.

வியாழக்கிழமை டீ நேரத்தில் அவளைக் கூப்பிட்டுச் சொன்னேன். கழுத்தில் கயிற்றில் தொங்கிய ட்ரிம்மரைத் திறந்து மூடிக்கொண்டே கேட்டாள். சந்தோஷப்படுவாள், இல்லை பயப்படுவாள், இரண்டில் ஒன்று என்று நினைத்திருந்தேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் கேட்டாள்.

"வாரச் சம்பளமா, மாசச் சம்பளமாங்க்கா?"

நான் பதில் சொல்வதற்குள், "எட்டரை வண்டிக்குப் போயரலாமல்ல?" என்றும் கேட்டுவிட்டாள்.

சனிக்கிழமைக்குள் சொல்கிறேன் என்றேன். அக்கவுண்ட்ஸில், சூப்பர்வைசருக்கு வாரச் சம்பளம் போட சிஸ்டத்தில் வழியில்லை என்கிறார்கள். திங்கட்கிழமை மறுபடி போகப் போகிறேன். அவள் இன்னும் சரி என்று சொல்லவில்லை.